கல்லின் அடியில் விட்ட ஒரு சாண்

டெல்லி ரிட்ஜ் காட்டுப் பாறைக்குள் தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் வெட்டியவன் நான். அந்தப் பள்ளத்தில் வந்த கல்லைக் கொண்டே குழாய் ஓரம் நெடுகச் சுவர் எழுப்பியவனும் நான்தான். மோதி பாக் பக்கம் மழைக்கு ஒழுகிய எத்தனையோ மொட்டை மாடிகளை ஒழுகாமல் பண்ணியது என் கை. புசா ரோட்டுப் பக்கம் போனால் இன்றும் நான் கொத்திய படிக்கல்லை மிதித்துத்தான் பல பேர் வீட்டுக்குள் நுழைகிறார்கள். நான் குடியிருந்த ஜுக்கிக் குடிசையை மூன்று முறை இடித்தார்கள், மூன்று முறையும் கட்டினேன். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. குளிர், கோர்ட்டு, கொடி பிடித்தவர்கள், லஞ்சம் கேட்டவர்கள் என்று எல்லாம் எதிரே வந்து நின்றன. இந்தப் பெரியண்ணன் மேஸ்திரி எடுத்த வேலை நின்றதில்லை, ஒரே ஒரு முறையைத் தவிர. அந்த ஒரு முறையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஏன் இப்போது என்றால், போன மாதம் ஒரு இளம் இன்ஜினியர் வீடு தேடி வந்தார். காட்டு வழியாக இரண்டாவது குழாய் போடப் போகிறார்களாம். பம்ப் ஹவுஸ் முன்னால் நிற்கும் பழைய திறப்பு விழாக் கல்லில் எழுத்தெல்லாம் மங்கிவிட்டதால் அதே கல்லில் புதிதாக வெட்டப் போகிறார்களாம். என்ன வெட்டப் போகிறார்கள் என்பதைப் போனில் காட்டினார். இங்கிலீஷில் இருந்தது. என் பேத்தி படித்து, இந்தியில் எனக்குச் சொன்னாள். தமிழில் முழுசாகச் சொல்ல அவளுக்கு வராது. அமைச்சர் பெயர், இன்ஜினியர்கள் பெயர், கமிட்டி உறுப்பினர்கள் பெயர் எல்லாம் இருந்தன. வனவிலங்குகள் போய்வரச் சுவரில் வழி அமைத்த நிபுணர்களுக்கு நன்றி என்று இருந்தது. கடைசியில், ‘உள்ளூர்த் தொழிலாளர்களின் ஒத்துழைப்புடன்’ என்று ஒரு வரி.

“இதுல நீங்க கஹான், தாத்தா?” என்று, எங்கே என்பதற்கு இந்தியைப் போட்டுக் கேட்டாள் பேத்தி.

“அந்த ஒத்துழைப்பு இருக்குது பாரு, அதுதான் உங்க தாத்தா” என்றேன்.

இன்ஜினியர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் ஊர் ஆத்தூர் பக்கம். அப்பா கல் உடைத்தார், அவர் உளி என் கைக்கு வந்தது. சேலத்து மேஸ்திரி ஒருவர் ரயிலேற்றி டெல்லிக்குக் கூட்டிவந்தார். முதல் குளிரில் விரல் மடங்காமல் அழுதேன், இரண்டாம் குளிரில் இந்தி பேசினேன், சில வருடத்தில் அந்த மேஸ்திரியின் ஆட்களே என்னிடம் வேலைக்கு வந்தார்கள். கற்றுக்கொண்ட கதை இவ்வளவுதான். மற்றதெல்லாம் கல் சொல்லிக்கொடுத்தது.

இனி காட்டுக்கு வருகிறேன். பஸ்தி என்று சொல்கிற எங்கள் குடிசைப் பகுதி காட்டுக்கு அந்தப் பக்கம். தண்ணீர் வேண்டுமென்றால் டேங்கர் வர வேண்டும். டேங்கர் வந்தால் ரப்பர் குழாயைப் பிடிக்க ஒருவர் மேல் ஒருவர் ஏறுவார்கள், என் வீட்டுக்காரி சின்னப்பொண்ணுக்கு அதில்தான் முன்பல் ஒன்று போனது. சர்க்கார் குழாய் போடலாம் என்றது. குறுக்கு வழி காடுதான். உடனே எதிர்ப்பு. காலையில் அங்கே நடக்க வருகிற பெரியவர்கள், காலேஜ் பிள்ளைகள், பறவை பார்க்கிறவர்கள் எல்லாரும் அட்டை பிடித்து நின்றார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் வீட்டில் குழாய் இருந்தது, அதனால் அவர்களுக்குக் காடு தெரிந்தது. எங்களுக்கு டேங்கர்தான் தெரிந்தது.

வெள்ளைக்காரன் வேலி போட்டு வைத்த காடு, வெள்ளைக்காரன் எழுதிய சட்டம். அதைக் காப்பதற்கு ஒரு ஆபீசர், அதற்குள் பள்ளம் வெட்ட இன்னொரு ஆபீசர். இருவருக்கும் சம்பளம் கொடுப்பது ஒரே சர்க்கார். கோர்ட்டு வரை போய்க் கடைசியில் அனுமதி கிடைத்தது, ஆனால் நிபந்தனையோடு. வெடி வைக்கக் கூடாது. பாறை உடைக்கும் மெஷின் கூடாது. காட்டு உயிர் எதையும் தொடக் கூடாது, விற்கக் கூடாது. ஒரு புகார் வந்தாலும் அனுமதி ரத்து.

வெடியும் மெஷினும் இல்லாமல் அந்தப் பாறையில் ஆள் உயரம் பள்ளம் வெட்ட டெல்லியில் எவன் இருந்தான்? மற்ற கான்ட்ராக்டர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் போய் நின்றேன். ஆத்தூர், கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆட்களை அழைத்துக்கொண்டேன். கல்லில் வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு இறக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே சீராகச் சம்மட்டியால் தட்டிக்கொண்டே போவோம். ஆப்பின் சத்தம் கணீரென்று இருக்கும்வரை கல் பிடிவாதமாக இருக்கிறது என்று அர்த்தம். சத்தம் கம்மிப் போனதும் கையை நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு கல் தானே பிளக்கும். எங்கள் ஊர்க் கல் சொன்ன பேச்சைக் கேட்கும். இந்த டெல்லிக் கல் குறுக்கே பிளந்து காலைப் பதம் பார்க்கும். அதையும் வழிக்குக் கொண்டுவந்தேன்.

எனக்கு மேலே இருந்தவர் எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியர் கன்னா சாப். அவரைப் போல ஒரு ஆபீசரை அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. நாற்காலி போட்டால் உட்காரமாட்டார். பள்ளத்தில் இறங்க வேண்டுமென்றால் ஷூவைக் கழற்றிக் கரையில் ஜோடியாக வைத்துவிட்டு, சாக்ஸோடு இறங்குவார். குரலை உயர்த்தியதே இல்லை. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த உத்தரவு கொடுத்தாலும், கொடுத்து முடித்ததும், “அப்னீ பாஷா மே போலோ” என்பார். உன் பாஷையில் திருப்பிச் சொல் என்று அர்த்தம். அவருக்குத் தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது. இருந்தாலும் நான் தமிழில் சொல்வதைத் தலையைச் சாய்த்துக்கொண்டு முழுவதும் கேட்பார். “நான் இவ்வளவு சொன்னேன், நீ இத்தனூண்டு சொல்லியிருக்கிறாய். எதையோ விட்டுவிட்டாய்” என்பார். பாதி நேரம் நிஜமாகவே விட்டிருப்பேன்.

அனுமதியின் நிபந்தனைகளையும் அப்படித்தான் வாங்கிக்கொண்டு, ஆட்களைப் பாறைமேல் உட்காரவைத்துச் சொன்னேன். மயிலைத் தொடாதே, முயலுக்குக் கண்ணி வைக்காதே, உடும்பைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள், எதையும் கொல்லாதே, விற்காதே, எவனாவது காசு கொடுத்துக் கேட்டால் என்னிடம் சொல். சொன்னதோடு விடவில்லை. தனித்தனி அடுப்பை எல்லாம் அணைத்து ஒரே சமையல் ஆக்கினேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நானே போய்ப் புளியும் மிளகாயும் எடுத்துவந்தேன். குழம்புச் சட்டி ஒன்றாக இருந்தால் அதற்குள் என்ன போகிறது என்பது எல்லாருக்கும் தெரியுமல்லவா?

பள்ளம் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாள் காலையில் வனத்துறை ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் ரேஞ்சர் மேடம், வடக்கே மலைப் பக்கத்துப் பெண், வயது குறைவுதான், ஆனால் அவரைக் கண்டால் கன்னா சாபே கையிலிருக்கும் டீயைக் கீழே வைத்துவிடுவார். வனக் காவல் கார்டு ஒருவர் ஒரு சாக்கைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். அதற்குள் உயிரோடு ஒரு உடும்பு. காட்டு கேட் பக்கம் ஸ்கூட்டரில் போனவனைப் பிடித்திருக்கிறார்கள். உடும்பின் அந்தரங்க உறுப்பை அறுத்து உலர்த்தி, பணம் சேர்க்கும் மந்திர வேர் என்று சொல்லி விற்கிற கூட்டத்துக்கு அவன் பிடித்துக்கொடுக்கிறவனாம். எங்கே வாங்கினாய் என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை.

“உங்கள் ஆட்கள்தானே உள்ளே இருக்கிறார்கள். இதைக் கட்டியது யார்?” என்று கேட்டார் மேடம்.

உடும்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முன்காலும் பின்காலும் முதுகுப் பக்கம் மடக்கி, சாக்குப் பிரியால் ஒரு சுற்று. மிச்சப் பிரி வாலில் இரண்டு சுற்று, நுனி உள்ளே செருகியிருந்தது. எங்கள் பக்கத்து வேட்டைக்காரர்கள் கட்டுகிற கட்டு. ஒரு நுனியை இழுத்தால் இறுகும், இன்னொரு நுனியை இழுத்தால் மொத்தமும் அவிழும். எது எந்த நுனி என்று எங்களுக்குத்தான் தெரியும். கார்டு அவிழ்க்கப் பார்த்துப் பார்த்து அது இறுகிக்கொண்டே போயிருந்தது. உடும்பு வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. பிரியை அறுக்கிறேன் என்று அவர் கத்தியை எடுத்தார். தோலோடு சேர்ந்துதான் அறுபடும்.

எனக்குப் பின்னால் எங்கள் உளிக்கட்டுகள் வரிசையாகக் கிடந்தன. எல்லாம் சணலால் கட்டியவை. அதே கட்டு.

பொய் சொல்லத் தெரியாதவன் அல்ல நான். டெல்லியில் பொய் சொல்லாமல் ஒரு ஜுக்கிகூட நிற்காது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், மேடம் உளிக்கட்டைப் பார்த்திருக்கவேமாட்டார். ஆனால் ஸ்கூட்டர்காரனுக்குத் தெரியும். இன்று வாயை மூடியவன் நாளைக்கு ஜாமீனில் வெளியே வந்து என்னிடம், இன்னொரு உடும்பு கொடு, இல்லாவிட்டால் பெயரைச் சொல்லிவிடுவேன் என்பான். அதற்குப் பிறகு அந்தக் குழாய் வேலைக்கு மேஸ்திரி அவன்தான், நான் இல்லை.

“கத்தி வேணாங்க” என்று குனிந்து சரியான நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தேன். கட்டு முழுவதும் கழன்றது. உடும்பு அங்கேயே கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தது, பிறகு சாக்குக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டது.

மேடம் என் கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“கட்டியது என் ஆள்தான். யார் என்று கேட்டுச் சொல்கிறேன், கன்னா சாபைக் கூப்பிடுங்கள்” என்றேன்.

நான் கேட்பதற்கு முன்னாலேயே கொளஞ்சி எழுந்து வந்தான். கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பையன், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, என் குழுவிலேயே சீரான சம்மட்டிக் கை அவனுடையதுதான்.

“அண்ணே, நான் கொல்லலண்ணே. சட்டிலயும் போடல. உசுரோடத்தான் குடுத்தேன். வளக்கறதுக்குன்னு சொன்னான்” என்றான்.

“உடும்ப எவன்டா வீட்டுல வளப்பான்?”

“டெல்லிக்காரன் நாயக் கட்டில்ல படுக்க வெக்கறான். உடும்ப வளக்க மாட்டான்னு நான் என்னத்தக் கண்டேன்?”

பின்னால் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கு அறைய வேண்டும் போல இருந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன், நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறான். கொல்லாதே என்பது அவன் காதில் விழுந்திருக்கிறது. விற்காதே என்பதைச் சோற்றுக்கும் தோலுக்கும் விற்பது என்று எடுத்துக்கொண்டிருக்கிறான்.

கன்னா சாப் வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மத்தியானத்துக்குள் வேலை நின்றது. கொளஞ்சியை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது அவன் தன் உளிக்கட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

பஸ்திக்குத் திரும்பினால் அங்கே வேறு கச்சேரி. டேங்கர் வரிசையில் செய்தி எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. “ஒரு பல்லிக்காவ எங்க தண்ணிய நிறுத்திப்புட்டியே மேஸ்திரி, கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?” என்று கேட்டாள் ஒருத்தி. கட்டியது என் ஆள் என்று நான் ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால் குழாய் வந்திருக்கும் என்பது எல்லார் கணக்கும். சின்னப்பொண்ணு மட்டும் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே சொன்னாள்: “அவுத்தது அவுத்துட்ட. இனி அந்தக் குழாயக் கொண்டாராம வூட்டுக்கு வராத.”

அதுதான் எனக்கு உத்தரவு. அதைத் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

கமிட்டி கூடிய இடம் வெள்ளைக்காரன் காலத்து ஆபீஸ். கூரை எவ்வளவு உயரமென்றால் ஃபேன் காற்று கீழே வருவதற்குள் ஆறிவிடும். ரப்பர் செருப்போடு உள்ளே விடமாட்டேன் என்றார் வாசலில் நின்ற பியூன். கழற்றிவிட்டு வெறுங்காலோடு போனேன், உள்ளே கன்னா சாப் என் காலைப் பார்த்துவிட்டுத் தன் ஷூவையும் கழற்றி என் செருப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.

நீள மேசையைச் சுற்றிப் பெரியவர்கள், ரேஞ்சர் மேடம், அட்டை பிடித்தவர்கள் பக்கத்திலிருந்து ஒருவர். மோதி பாக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த ஒரு தமிழ் ஆபீசரை மொழிபெயர்க்க உட்கார்த்தியிருந்தார்கள். நான் இந்தியிலேயே பேசியிருப்பேன். ஆனால் கன்னா சாப், “அப்னீ பாஷா மே போலோ” என்றார்.

சொன்னேன். கட்டினவன் என் ஆள், அவனுக்குத் தண்டனை கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஸ்கூட்டர்காரன் உடும்பைத் தின்பதற்கு வாங்கவில்லை. அந்த மந்திர வேரை வாங்கிப் பணப்பெட்டியில் வைக்கிறவர்கள் காரில் வருகிறார்கள், இங்கே உங்கள் வாசலில் நிற்பதைப் போன்ற கார். கட்டினவனை மட்டும் உள்ளே போட்டால் நாளைக்கு வேறொரு பசித்தவன் கட்டுவான். கொளஞ்சியைச் சாட்சியாக வையுங்கள், யாரிடம் கொடுத்தான், எங்கே கொடுத்தான் எல்லாம் கோர்ட்டில் சொல்வான், ஒவ்வொரு வாய்தாவுக்கும் நானே கூட்டிவருகிறேன். வேலையைத் திறந்துவிடுங்கள். சாயங்காலம் ஒவ்வொருத்தன் பையையும் நான் உதறிப் பார்ப்பேன், முதலில் என் பையை. இன்னொன்று. குழாய் ஓரமாக நாங்கள் கட்டுகிற சுவர் காட்டை இரண்டாக வெட்டிவிடும் என்று இவர்கள் அட்டையில் எழுதியிருக்கிறார்கள். சரிதான். வெள்ளைக்காரன் கட்டிய பழைய சுவர் அதே காட்டில் இருக்கிறது, மழைத்தண்ணீர் போகத் தரையோடு கண் விட்டிருக்கிறான். அந்தக் கண் வழியாக முயலும் முள்ளம்பன்றியும் போய்வருவதைத் தினமும் பார்க்கிறேன். என் சுவரிலும் அப்படியே கண் விடுகிறேன், தண்ணீருக்கு இல்லை, அவற்றுக்காகவே, அகலமாக.

நான் முடித்ததும் தமிழ் ஆபீசர் இங்கிலீஷில் சொன்னார். இரண்டு வரியோ மூன்று வரியோ. மன்னிப்புக் கேட்கிறான் என்ற மாதிரி எனக்குக் கேட்டது.

கன்னா சாப் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “இவர் இவ்வளவு சொன்னார். நீங்கள் இத்தனூண்டு சொன்னீர்கள். எதையோ விட்டுவிட்டீர்கள்.”

தமிழ் ஆபீசர் என்னைப் பார்த்தார். “பெரியண்ணன், அந்த கார் விஷயமெல்லாம் எப்படிங்க இங்க சொல்றது?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“சொல்லுங்க சார். உங்க பேர்ல சொல்ல வேணாம். என் பேர்ல சொல்லுங்க” என்றேன்.

சொன்னார். கார், பணப்பெட்டி, சுவரின் கண், எல்லாம். ரேஞ்சர் மேடம்தான் முதலில் பேசினார். ஸ்கூட்டர்காரனைப் பிடித்துத் தனக்குப் பயனில்லை, வாங்குகிற கடை வரைக்கும் போகத் தனக்கு ஒரு சாட்சி வேண்டும் என்றார். சுவரின் கண்ணை அந்த அட்டைக்காரர் திருப்பித் திருப்பிக் கேட்டார். எவ்வளவு அகலம், தரையோடா, நீல்காய் மான் என்ன செய்யும் என்று. நீல்காய் தாண்டிப் போகும், சுவரை இடுப்புக்கு மேல் ஏற்றமாட்டேன் என்றேன்.

வேலை திறந்தது. என் சொந்தப் பொறுப்பில் என்று எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கைநாட்டுக்கு மைப் பெட்டியை நகர்த்தினார் ஒருவர். நகர்த்தியதைத் திருப்பி அவரிடமே நகர்த்திவிட்டுத் தமிழில் என் பெயரை முழுசாக எழுதினேன்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் பை உதறல். முதலில் என் பை. தீப்பெட்டி, வெற்றிலை, சில நாள் சின்னப்பொண்ணு வைத்த ஊறுகாய். ஆட்கள் கேலி செய்வார்கள், “அண்ணே, இன்னிக்கு யானையக் காணோமே?” என்று. கேலியோடு உதறினார்கள், உதறாமல் எவனும் போகவில்லை. ஜாமீனில் வந்ததும் கொளஞ்சியையே அந்த வேலைக்குப் பொறுப்பாக்கினேன். அவனைப் போலக் கறாராகப் பார்த்தவன் வேறு ஆள் இல்லை. வாய்தாவுக்கு வாய்தா நாங்கள் இருவரும் பஸ்ஸேறிப் போனோம். கடைசியில் ஸ்கூட்டர்காரனும் உள்ளே போனான், அவனுக்குப் பின்னால் இருந்த கடைக்காரனும் போனான். கார் வைத்திருந்தவர்கள் யாரும் போகவில்லை. அதை நான் எதிர்பார்க்கவுமில்லை, ஆனால் சொல்லாமல் விடவுமில்லை.

சுவரில் கண் விட்டது சும்மா ஓட்டை போடுவதில்லை. கண்ணுக்கு மேலே வருகிற தலைக்கல்லைப் பொறுக்கி எடுத்து, அடிப்பக்கம் மழமழவென்று கொத்தினேன், முதுகு உரசக் கூடாது என்று. எங்கே எங்கே விடுவது என்பதற்குப் படம் எதுவும் கிடையாது. புழுதியில் கால்தடம் எங்கே குறுக்கே போகிறதோ அங்கே. கன்னா சாப் ஒரு நாள் சாக்ஸோடு மண்டியிட்டு ஒரு கண்ணுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “நானே போகலாம் போல இருக்கிறது” என்றார்.

எங்கள் பஸ்தியில் குழாய் திறந்த அன்று சின்னப்பொண்ணு முதல் குடத்தைப் பிடித்து என் தலையில் ஊற்றினாள். வீட்டுக்கு வரலாம் என்று அதற்கு அர்த்தம்.

திறப்பு விழாவுக்குக் கல் வேண்டுமென்றார்கள். அதே பள்ளத்தில் வந்த நல்ல கல் ஒன்றை நானே பிளந்து, நானே முகம் இழைத்துக் கொடுத்தேன். எழுத்து வெட்டியது வேறு ஆள். அவனிடம் மட்டும் சொன்னேன், அடியில் ஒரு சாண் தொடாதே என்று. அது ஏன் என்று கன்னா சாப் கேட்டார். மண்ணுக்குள் போகிற பாகம் சாப் என்றேன். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு, நம்பாத மாதிரி பார்த்துவிட்டுப் போனார். கல்லை நடுவதும் என் வேலை. நான் மண்ணில் புதைக்கவில்லை, மேடை கட்டி அதன்மேல் நிறுத்தினேன். அந்த ஒரு சாண் இன்றைக்கும் வெளியேதான் இருக்கிறது, வெறுமையாக.

இன்ஜினியர் தம்பி, நீங்கள் என்னைப் பற்றி இரண்டு வரி எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். அதைத்தான் இவ்வளவு எழுதியிருக்கிறேன். யாரையாவது விட்டு இங்கிலீஷில் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், அவர் சுருக்கிச் சொன்னால் எதை விட்டீர்கள் என்று கேளுங்கள். மற்றவர் பெயரை எடுக்க வேண்டாம், அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள். நிபுணர்கள் அமைத்த வழி என்ற வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். ஒத்துழைப்பு என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். அந்த ஒரு சாணில், சுவரும் கண்ணும் பெரியண்ணன் மேஸ்திரி, பாறை பிளந்தவர்கள் அவர் ஆட்கள், சாட்சி சொன்னவன் கொளஞ்சி என்று வெட்டுங்கள். இந்தியில் வெட்டுங்கள், இங்கிலீஷில் வெட்டுங்கள். முதலில் தமிழில் வெட்டுங்கள்.

வெட்ட ஆள் இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள். உளி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.